குழந்தைப் பராமரிப்பு மானியக் கோப்பாய்வு: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில், வேலைக்குச் செல்லும் குறைந்த வருமானப் பெற்றோரின் காப்பகச் செலவில் பெரும்பகுதியை, குழந்தைப் பராமரிப்பு மற்றும் மேம்பாட்டு நிதி என்னும் கூட்டாட்சித் திட்டத்திலிருந்து மாநில அரசுகள் ஏற்கின்றன. இந்நிதியின் முறையற்ற பட்டுவாடாக்களை ஆராய வரும் புதியவர்கள் ஒரே இடங்களில் மீண்டும் மீண்டும் தடுக்கி விழுகிறார்கள். கூட்டல் பிழை, தேதிப் பிழை ஆகியவற்றை மேலாளர்களே திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முறையற்ற பட்டுவாடாவை மோசடி என்று எழுதுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். கொடுத்திருக்கக் கூடாத தொகை மட்டுமன்றி, தவறான அளவில் கொடுத்த தொகையும் சட்டப்படி முறையற்றதே. குறைத்துக் கொடுத்ததும் இதில் சேரும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மாநிலமும் நடத்தும் மாதிரிக் கோப்பாய்வு, குடும்பத்தின் தகுதியையும் தொகையையும் அலுவலகம் சரியாக முடிவுசெய்ததா என்பதையே முதன்மையாகப் பார்க்கிறது. குழந்தை அன்று காப்பகத்தில் இருந்ததா என்று யாரும் நேரில் போய்ப் பார்ப்பதில்லை. ஆகவே பிழை விழுக்காடு, அதாவது ஆய்ந்த பட்டுவாடாக்களில் முறையற்ற தொகையின் பங்கு, கூடியதைக் கொண்டு திருட்டு பெருகியதாகவோ, குறைந்ததைக் கொண்டு திருட்டே இல்லை என்றோ எழுதுவதற்கு இடமில்லை.

ஓர் இளம் ஆய்வாளர், ஒரு தாயின் கோப்பில் சம்பளச் சீட்டு இல்லாததைக் கண்டு, ஆவணக் குறை என்று பதிய வேண்டியதை 'மோசடி ஐயம்' என்று பதிந்துவிட்டார். அந்தச் சீட்டு அதே குடும்பத்தின் உணவு உதவிக் கோப்பில் இருந்தது. நகலெடுத்து வைக்க அலுவலர் மறந்திருந்தார். அது தெரியவருவதற்குள் குறிப்பு விசாரணைப் பிரிவுக்குச் சென்று, காப்பகத்துக்குரிய பணம் நிறுத்தப்பட்டு, பிள்ளையை விட இடமின்றி அந்தத் தாய் வேலைக்குப் போக முடியாமல் போனது.

பெரிய அளவிலும் இதே குழப்பம் நடந்திருக்கிறது. மின்னசோட்டாவில் ஆண்டுக்கு 10 கோடி டாலர் மோசடியாகப் போகிறது என்ற குற்றச்சாட்டு 2018இல் பரவியது. அத்தொகைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று மாநிலச் சட்டமன்றத் தணிக்கையாளர் அலுவலகம் 2019 மார்ச்சில் அறிவித்தது. வழக்குகளில் நிரூபிக்கப்பட்டது 50 முதல் 60 லட்சம் டாலர். உண்மையான மோசடி அதற்கும் மேல் இருக்கலாம் என்றும் அதே அறிக்கை கூறியது. இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து மேற்கோள் காட்டியவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

ஆண்டின் நடுவில் கூடிய வருமானத்தைப் பிழையாகக் குறிப்பது

2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், ஒருமுறை உறுதியான தகுதி குறைந்தது 12 மாதங்கள் நீடிக்கும். குடும்ப வருமானம் மாநில இடைநிலை வருமானத்தின் (பாதிக் குடும்பங்கள் மேலும் பாதி கீழும் இருக்கும் அளவின்) 85 விழுக்காட்டைத் தாண்டாதவரை, நடுவில் வந்த ஊதிய உயர்வைப் பிழைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கூடுதலிலிருந்து குறைவைக் கழிப்பது

கூடுதலாகக் கொடுத்த தொகையிலிருந்து குறைத்துக் கொடுத்ததைக் கழிக்கக் கூடாது, இரண்டும் பிழை என்பதால் கூட்ட வேண்டும்.

10 விழுக்காட்டுக்குக் கீழ் வந்ததும் கோப்பை மூடுவது

பிழை விழுக்காடு பத்தை எட்டினால் மாநிலம் திருத்த நடவடிக்கைத் திட்டம் அளிக்க வேண்டும் என்பது விதி. எட்டாவிட்டாலும் பிழைகளுக்கான காரணங்களை எழுதுங்கள். 'ஆவணம் இல்லை' என்பதோடு நிறுத்தாமல், அதை எந்தக் கட்டத்தில் யார் கேட்டுப் பெற்றிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.