படிப்பு ஓர் ஊரில், அறை அடுத்த ஊரில்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரிலேயே அறை தேடி அலைய வேண்டாம். அதே ரயில் பாதையில் முக்கால் மணி நேரத்துக்குள் இருக்கும் அடுத்த ஊரில் தேடுங்கள். பெங்களூரில் வேலை, ஓசூரில் வீடு என்று வாழும் நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

வாழ்க்கைச் செலவுக்குக் கையிருப்பு உண்டு என்று காட்ட விசாவுக்காக வங்கியில் முடக்கி வைக்கும் பணம், 2024 செப்டம்பர் முதல் மாதம் 992 யூரோ என்ற அளவில் கணக்கிடப்படுகிறது. மியூனிக் என்றாலும் சிற்றூர் என்றாலும் அதே தொகைதான். மியூனிக்கில் வாடகையே அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். முக்கால் மணி நேரத் தொலைவிலுள்ள ஆக்ஸ்பர்க்கில் வாடகை குறைவு. மாணவர் சலுகையில் கிடைக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பயணச்சீட்டு நாடு முழுவதும் வட்டார ரயில்களில் செல்லும் என்பதால் தினப் பயணத்துக்குத் தனிச் செலவில்லை. ஐசிஇ போன்ற அதிவேக ரயில்களில் அது செல்லாது; அதனால் பயண நேரத்தை வட்டார ரயிலை வைத்தே பாருங்கள். ஞாயிறு இரவின் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

நள்ளிரவு வரை ஆய்வகத்தில் இருக்க வேண்டிய படிப்புக்கு இது ஒத்துவராது. பிரிட்டனிலும் வெளியூரில் தங்குவதால் விசாத் தொகை குறையாது: லண்டனில் படித்தால், வெளியூரில் தங்கினாலும் விசாவுக்கு லண்டனுக்கான கூடுதல் தொகையையே காட்ட வேண்டும்.