பழைய மீன்பிடி படகைக் குடும்பத்துக்கு ஏற்றபடி மாற்றியது

பழைய ஃபைபர் படகு வாங்கப் போனால் பெயின்ட்டில் மயங்காதீர்கள், எஞ்சின் மாட்டும் பின்பலகையைப் பாருங்கள். எஞ்சினை மேலே தூக்கி நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து அழுத்தி ஆட்டினேன். பலகையும் சேர்ந்து அசைந்தால் ஃபைபருக்கு உள்ளே இருக்கும் மரம் ஊறிப்போயிருக்கலாம். இதில் அசையவில்லை, சரி என்று வாங்கிவிட்டேன்.

தூண்டில் போடுகிறவருக்கு வசதியான உயர்ந்த முன்தளம் குழந்தைகளுக்கு ஆகாது, பிடிமானமே கிடையாது. அங்கிருந்த சுழல் நாற்காலியைக் கழற்றி, நடுவில் தாழ்வாக பெஞ்ச் போட்டு, பழைய போல்ட் ஓட்டைகளை எபாக்ஸி பசையால் அடைத்தேன், விட்டால் அது வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். அப்புறம், அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்ப்: தண்ணீர் ஏறினால் மிதந்து பம்பை ஓடவைக்கும் மிதவை சுவிட்சைக் கையால் தூக்கினாலும் ஓடவில்லை, வயர் முனை பச்சையாகப் பூத்திருந்தது, வெட்டிப் புது இணைப்பு கொடுத்ததும் ஓடியது. லைஃப் ஜாக்கெட் மட்டும் புதிது, குழந்தைகளின் எடைக்கு ஏற்றபடி.