புல்லட்ல ஹைட்ராலிக் டேப்பெட் மாத்துறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

"டேப்பெட் சவுண்டு வருது, டைட் பண்ணிடலாம்"னு யாராவது உங்க கிளாசிக் 350ய பாத்து சொன்னா வண்டிய எடுத்துட்டு கெளம்பிடுங்க. 2009ல கிளாசிக்ல வந்து 2021 வரைக்கும் அதுல ஓடுன அந்த யுசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கற) எஞ்சின்ல டைட் பண்றதுக்கு ஸ்க்ரூவே கெடையாது, உள்ள இருக்கறது ஹைட்ராலிக் டேப்பெட் (டேப்பெட்னா வால்வு தொறக்கறதுக்காக தள்ளி விடுற சின்ன பார்ட்), ஆயில் பிரஷர்லயே கேப்ப அதுவா சரி பண்ணிக்கும். நானும் ஒரு தடவ டேப்பெட் செட்டிங்னு பில்லு கட்டுன ஆளுதான், என்னத்த செட் பண்ணாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

சவுண்டு வந்தவுடனே டேப்பெட் வாங்க ஓடுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. காலைல ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் டிக் டிக்னு கேட்டு நின்னுட்டா அது நார்மல், ராத்திரி முழுக்க டேப்பெட்டுக்குள்ள இருந்த ஆயில் கொஞ்சம் எறங்கியிருக்கும், அவ்ளோதான். சூடான பிறகும் விடாம அடிச்சாத்தான் யோசிக்கணும், அப்பவும் மொதல்ல சென்டர் ஸ்டாண்டு போட்டு ஆயில் லெவல் பாருங்க. 15டபிள்யூ50 கிரேடு ஆயில் ஊத்த வேண்டிய எடத்துல கையில கெடச்ச தண்ணி மாதிரி ஆயில ஊத்தியிருந்தா டேப்பெட் என்ன பண்ணும் பாவம். ஆயில் ஃபில்டர் மாத்தும்போது ஓரிங்க (லீக் ஆகாம இருக்கப் போடுற ரப்பர் வளையம்) விட்டுட்டாலும் பிரஷர் கொறையும். சைலன்சர் பென்ட் பைப் ஹெட்ல சேர்ற எடத்துல கேஸ்கெட் லீக் ஆனாலும் அச்சு அசல் டேப்பெட் மாதிரியே கேக்கும். நீளமான ஸ்க்ரூடிரைவர எஞ்சின்ல வச்சு பிடிய காதுல வச்சு கேட்டுப் பாருங்க, பாதி சந்தேகம் தீந்துடும்.

இதெல்லாம் பாத்தும் டேப்பெட்தான்னா, வாங்கும்போது ஒண்ணு மட்டும் வாங்காதீங்க, இன்டேக் எக்ஸாஸ்ட் ரெண்டையும் சேத்தே மாத்துங்க. சென்னை புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைகள்ல விலை கம்மியா கெடைக்கும்தான், ஆனா உள்ள இருக்கற செக் வால்வு (ஆயில் திரும்பி வெளிய போகாம தடுக்கறது) சரியா மூடுதா இல்லயான்னு வெளிய இருந்து பாத்து கண்டுபிடிக்க முடியாது, அதனால இதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க. மாடல், வருஷம் சொல்லி பார்ட் நம்பர் ஒத்துப் பாத்து வாங்குங்க. புது 350 ஜே சீரிஸ் (மீட்டியார், 2021 செப்டம்பர்ல வந்த புது கிளாசிக்) வச்சிருக்கறவங்க இந்தக் கடைப் பக்கமே போக வேணாம், அதுல ஸ்க்ரூ அட்ஜஸ்ட்மென்ட்தான்.

பழசக் கழட்டுனதும் கேம் (சுத்திக்கிட்டே டேப்பெட்ட மேல தூக்குறது) மேல உக்கார்ற அடிப்பக்கத்த நல்லா பாருங்க, குழி விழுந்திருந்தா கேமையும் பாத்தே ஆகணும், தேஞ்ச கேம் மேல புது டேப்பெட் போட்டா அதையும் சேத்து தின்னுடும். புஷ்ராடு (டேப்பெட்டுக்கு மேல நின்னு ராக்கர தள்ளுற நீளக் கம்பி, அந்த ராக்கர்தான் வால்வ அமுக்கும்) ரெண்டையும் எது எங்க இருந்துச்சுன்னு மார்க் பண்ணி வைங்க.

இப்ப பெரிய தப்புக்கு வரேன். புது டேப்பெட்ட பெட்டில இருந்து எடுத்து அப்படியே காஞ்சபடி உள்ள போடுறது. சுத்தமான எஞ்சின் ஆயில்ல முக்கி, மெல்லிசான கம்பியால பிளஞ்சர (டேப்பெட்டுக்குள்ள மேல கீழ போய் வர்ற பாகம்) மெதுவா அமுக்கி விட்டு, குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் பண்ணுங்க, அப்பறம் படுக்க வைக்காம நிமுந்தாப்லயே வைங்க. காத்து உள்ள இருந்தா அது ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கும், சவுண்டு போகவே போகாது.

ஆனா ஆயில் நெறஞ்ச டேப்பெட்ட போட்டு ராக்கர் போல்ட்ட சரசரன்னு இறுக்கிட்டா வேற வம்பு, பிளஞ்சர் எறங்க டைம் இல்லாம வால்வ தொறந்தே பிடிச்சிக்கும், அந்த நேரத்துல செல்ஃப் அடிச்சா புஷ்ராடு வளையலாம், வால்வு பிஸ்டன்ல போய் இடிக்கலாம். அதனால பிஸ்டன கம்ப்ரஷன் டாப்ல (ரெண்டு வால்வும் மூடியிருக்க வேண்டிய உச்சில) நிறுத்தி, போல்ட்ட மாத்தி மாத்தி கால் சுத்து கால் சுத்தா இறுக்குங்க, நடுவுல நின்னு டீ குடிச்சிட்டு வந்தாலும் தப்பில்ல. ஹார்லி எஞ்சின்ல வேல பண்றவங்களும் புஷ்ராடு கையால சுத்துற அளவுக்கு லூசாகுற வரைக்கும் காத்திருந்துதான் எஞ்சினத் திருப்புவாங்க.

முடிச்சதும் ஸ்பார்க் பிளக்க கழட்டிட்டு கிக்கர கையால மெதுவா அமுக்கிப் பாருங்க, எங்கயாவது இடிச்சா நிறுத்திடுங்க. பிளக் போட்டுட்டு அமுக்கும்போது கம்ப்ரஷனே தெரியலன்னா வால்வு இன்னும் தொறந்துதான் இருக்கு, இன்னும் கொஞ்சம் காத்திருங்க. ஸ்டார்ட் ஆனதும் சத்தம் கேட்டா ஆக்ஸிலேட்டர முறுக்காதீங்க, ஐடில்ல விடுங்க, கொஞ்ச நிமிஷத்துல தானா அடங்கும். அடங்கலன்னா ஆயில் பிரஷர செக் பண்ணாம மறுபடி டேப்பெட்ட கழட்டாதீங்க.