நாட்டுக்கோழிக் குஞ்சுகளின் இரத்தக் கழிச்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேயம், தாராபுரம், சென்னிமலைப் பகுதிகளில் புதிதாக நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்குவோர், நாங்கள் அந்நாளில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்துவிட்டு ஆலோசனை கேட்க வருகின்றனர். கொட்டகையைக் கூட்டிச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர் என்பதால், அதனை இங்கே எழுதவில்லை.

எச்சத்தில் இரத்தம் தெரியும்வரை காத்திருப்பது

ஐமீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணியே இந்நோய்க்குக் காரணம். அதன் இனங்களுள் ஐமீரியா டெனெல்லா குருட்டுக்குடலைப் புண்ணாக்கி இரத்தம் கழியச் செய்கிறது. தொற்றிய 5, 6 நாட்களுக்குப் பிறகே எச்சத்தில் இரத்தம் தெரியும். அதற்கு முன்பே குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு, இரை எடுக்காமல் ஒடுங்கி நிற்கும். ஒரு குஞ்சு இரத்தம் கழிந்தால், அந்தக் கொட்டகையிலுள்ள அனைத்துக் குஞ்சுகளுக்கும் அன்றே மருந்து கொடுக்க வேண்டும்.

ஆம்ப்ரோலியத்துடன் பி காம்ப்ளக்ஸ் டானிக் கொடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. ஒட்டுண்ணி வளர்வதற்குத் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 தேவை. இந்நோய்க்குக் கொடுக்கும் ஆம்ப்ரோலியம் என்னும் மருந்து அந்த வைட்டமினை ஒத்த அமைப்புடையது என்பதால், அதனை உறிஞ்சவிடாமல் தடுத்து ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. நாமே அதே நாளில் தயமின் கலந்த டானிக்கை ஊற்றினால், ஒரு கையால் கொடுத்த மருந்தை மறு கையால் பிடுங்கிக்கொள்வதாகவே முடியும்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் குண்டடம் அருகே பண்ணை வைத்த இளைஞர் ஒருவர், காலையில் ஆம்ப்ரோலியமும் மாலையில் டானிக்கும் தவறாமல் கொடுத்துவந்தார். குஞ்சுகள் தேறாததைக் கண்டு, மருந்து போலி என்று அதை விற்ற கடைக்காரரிடம் சண்டைக்கும் போய்விட்டார். சோர்ந்த குஞ்சுக்குச் சத்து கொடுங்கள் என்று டானிக்கைச் சேர்த்து விற்றதும் அதே கடைதான் என்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. இரண்டு புட்டிகளின் மேலுறைகளையும் படித்திருந்தால் பாதிக் குஞ்சுகளேனும் பிழைத்திருக்கும்.

லிட்டர் தண்ணீருக்கு 120 முதல் 240 மில்லிகிராம் ஆம்ப்ரோலியம், 3 முதல் 5 நாட்கள் என்பது வழக்கமான அளவு. அதன்பின் 60 மில்லிகிராமாகக் குறைத்து ஓரிரு வாரங்கள் தொடர்வர். 20 சதவீதத் தூளாக இருந்தால் 120 மில்லிகிராமுக்கு 0.6 கிராம் தூள் ஆகும். நோயின் கடுமையைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் அளவை முடிவு செய்யட்டும். இந்நாட்களில் வைட்டமின் ஏ, கே ஆகியவை கொடுக்கலாம். இரத்தம் உறைய வைட்டமின் கே உதவும். பி காம்ப்ளக்ஸை மருந்து முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மருந்தைத் தீவனத்தில் கலப்பது

நோயுற்ற குஞ்சு இரையை விட்டுவிடும், தண்ணீரை விடாது.

ஈரக் கூளத்தை விட்டுவைத்து மருந்தை மட்டும் நம்புவது

எச்சத்தில் வெளியேறும் ஒட்டுண்ணியின் முட்டைகள், ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் நிலையை அடைந்துவிடும். ஐப்பசி அடைமழையில் சாரல் படும் ஓரங்களையும், தண்ணீர் டப்பாவைச் சுற்றி நனைந்த தேங்காய் நார்க் கழிவையும் அன்றன்றே அள்ளி அகற்றிவிட்டு, மீதியைக் கிளறி உலரவிட வேண்டும்.

பினாயில் தெளிப்பது

வழக்கமான கிருமிநாசினிகளுக்கு அந்த முட்டைகள் சாவதில்லை.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டாயிற்று என்று இருந்துவிடுவது

அது வைரஸ் நோய்க்கான ஊசி; இந்த ஒட்டுண்ணியைத் தடுக்காது.