நல்லதே நினைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் சர்க்கரை நோயாளிகளுக்காக ஒரு நடைக்குழு நடத்துகிறோம். புதிதாக உதவ வரும் பிள்ளைகளுக்கு ஆர்வத்தில் குறைவே இல்லை. ஆனால் நல்லதே நினைக்கச் சொல்வதில் தொடக்கத்தில் நாங்கள் செய்த தவறுகளையே திரும்பவும் செய்கிறார்கள். "சிரித்த முகமாக இருங்கள்" போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

நம்பிக்கையை மருந்தின் இடத்தில் வைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் சர்க்கரை நோய் மிக அதிகம். குழுவுக்கு வந்த ஓர் ஆயா, உள்ளங்காலில் புண் இருக்கிறது, ஆனால் வலி இல்லை என்றார். உதவிக்கு வந்த பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதீங்க ஆயா, சரியாயிடும்னு நினைங்க, சரியாயிடும்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆயாவும் நம்பி, கிளினிக் போவதைத் தள்ளிப்போட்டார். சர்க்கரை நெடுநாள் கூடியிருந்தால் கால் நரம்புகள் மரத்துப்போகும். வலிக்காத புண்ணுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. "நான்தான் மனசார நம்பல போல" என்று ஆயா தன்னையே நொந்துகொண்டதை என்னால் தாங்க முடியவில்லை.

நம்பிக்கையின் வேலை வேறு. தன் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததாக 2002இல் அமெரிக்க ஆய்வாளர் பெக்கா லெவியின் குழு வெளியிட்டது. அப்படிப்பட்டவர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்கள், உடற்பயிற்சி செய்கிறார்கள், சாப்பாட்டைக் கவனிக்கிறார்கள் என்பதும் லெவியின் பிந்தைய ஓர் ஆய்வில் தெரிந்தது. நல்ல எண்ணம் ஆளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும்.

கண்ணாடி முன் பெரிய வார்த்தை சொல்வது

தன்மதிப்பு குறைந்தவர்கள் "நான் அன்புக்குரியவள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது மனம் இன்னும் சோர்ந்ததை 2009இல் கனடாவில் உளவியல் ஆய்வாளர் ஜோஆன் வுட் குழு கண்டது. உள்ளுக்குள் "இல்லை" என்று ஒரு குரல் மறுக்கிறது. அதனால் நாங்கள் நடந்ததைச் சொல்ல வைக்கிறோம்: "நேற்று மூலைக்கடை வரை நடந்தேன்." செய்து முடித்த காரியம் தருகிற தைரியம் அப்படிக் கலைவதில்லை.

"உங்களைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள்"

சொல்லாதீர்கள்.

அழுகையை அடக்கச் சொல்வது

அழட்டும். பக்கத்தில் உட்காருங்கள்.

விரதத்தில் மருந்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றுவது

தைப்பூசக் காவடி நெருங்கும்போது இது நடக்கிறது. முருகன்மேல் பக்தி இருக்கட்டும். ஆனால் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். ஊசியையே நிறுத்தினால் சர்க்கரை ஏறிவிடும். விரதம் தொடங்கும் முன்பே கிளினிக் சிஸ்டரிடம் கேட்டு, அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.