பாட்டி வீட்டு அடுப்பும் காட்டு வருமானக் கணக்கும்

"காட்டுலேருந்து ஒண்ணும் வரலய்யா. மவன் செம்பனை ஆலைக்குப் போறான், அந்தச் சம்பளந்தான்."

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பாட்டி இப்படிச் சொன்னபோது பின்கட்டில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முறத்தில் பெத்தாய், காட்டு மரத்தில் காய்க்கும் அவரை போன்ற காய். குடும்ப வருமானக் கணக்கெடுக்கப் போன நானோ படிவத்தில் 'காடு: 0' என்று எழுதிவிட்டு வந்தேன்! நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

படி 1: எது காடு?
கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வரையறையில் பால்மரத் தோட்டம் காடு. செம்பனைத் தோட்டம் காடு இல்லை. நம் ஊரில் இரண்டும் வேலிக்கு வேலி. அதனால் தோட்டத்து விறகையும் மலை விறகையும் தனித்தனியாகக் குறியுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம், கலந்து எழுதினால் பிரிக்க முடியாது.

படி 2: பெயர் சொல்லிக் கேளுங்கள்
"காட்டு வருமானம் உண்டா?" என்றால் 'இல்லை' என்றுதான் வரும். பெத்தாய், மூங்கில் குருத்து, பிரம்பு, தேன், ஆற்று மீன், விறகு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். போன 30 நாள் மட்டும் போதும். பருவம் மாறுமே, அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போங்கள். 1984 தேசிய வனச் சட்டப்படி வன ஒதுக்கத்தில் பொருள் எடுக்க உரிமம் வேண்டும். பயத்தில் வாய் மூடிக்கொள்வார்கள். பெயர் எழுதமாட்டேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். எழுதவும் கூடாது.

படி 3: விற்காததற்கும் விலை போடுங்கள்
ஓர் உதாரணம். 12 கட்டு பெத்தாய் வந்தது. 8 கட்டு, கட்டு 6 ரிங்கிட்டுக்கு விற்றது. 4 கட்டு வீட்டுச் சமையலுக்கு. போய்வர மோட்டார் சைக்கிள் பெட்ரோல் செலவு 15 ரிங்கிட். விற்றதை மட்டும் பார்த்தால் 48 − 15 = 33. சாப்பிட்டதையும் உள்ளூர் விலைக்கு எண்ணினால் 72 − 15 = 57. சொந்த உழைப்பைக் கழிக்க வேண்டாம். கூலிக்கு ஆள் வைத்திருந்தால் கழியுங்கள்.

சிஃபோர் என்ற பன்னாட்டுக் காட்டு ஆய்வு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் 24 நாடுகளில் சுமார் 8,000 குடும்பங்களை இப்படித்தான் அளந்தார்கள். 2014இல் வந்த முடிவு: மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 22 விழுக்காடு காட்டிலிருந்து. ஒப்பிட, நீங்கள் கணக்கெடுக்கும் குடும்பத்தின் சம்பளம், கோழி, பிள்ளை அனுப்பும் பணம் எல்லாம் பட்டியலில் இருக்கவேண்டும்.

படி 4: பணத்துக்கு வெளியே
கைக்காசு இல்லாத மாதம் எது, அப்போது காட்டுக்குப் போனார்களா, வைத்தியத்துக்கு என்ன பச்சிலை எடுத்தார்கள் என்று கேளுங்கள். இதை ரிங்கிட்டாக மாற்ற மெனக்கெடாதீர்கள்.

விலையே இல்லாத விறகுக்கு? அது இல்லையென்றால் வாங்கவேண்டிய கேஸ் தோங் (எரிவாயு உருளை) செலவை வைத்துக் கணக்கிடுங்கள். இரண்டாம் முறை போனபோது பாட்டியிடம், "விறகு இல்லன்னா கேஸ் தோங் எத்தன நாளைக்கு வரும் பாட்டி?" என்றேன்.

"இருவது நாளு. அதுக்குத்தானே மலைக்குப் போறேன்!"


அந்தக் கட்டத்தில் இருந்த பூஜ்யத்தை அடித்தேன்.