பெருந்தொற்றுக் காலத்தில் இளையோருக்குத் தடுப்பூசி: உள்ளாட்சி மன்றங்கள் செய்ய வேண்டியவை

எந்தத் தடுப்பூசியை, எந்த வயதினருக்கு, எத்தனை தவணைகளாகச் செலுத்துவது என்பதை ஒரு நாட்டின் சுகாதாரத் துறையும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் முடிவு செய்கின்றன. உள்ளாட்சி மன்றத்துக்கு அந்த முடிவில் பங்கில்லை. ஆனால் முடிவு எடுக்கப்பட்டு, மருந்தும் வந்து சேர்ந்த பிறகு, அது ஓர் இளைஞரின் கையில் ஏறுவதற்கு இடையில் இருக்கும் வேலை ஏறக்குறைய முழுவதும் மன்றத்தின் தோளில்தான் விழுகிறது. இடம், நேரம், பெயர்ப்பட்டியல், வாகனம், நம்பகமான செய்தி ஆகிய ஐந்தும் சரியாக அமையாத ஊரில் மருந்து இருந்தும் பயனில்லை.

தொடக்கத்திலேயே மன்ற உறுப்பினர்கள் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கோவிட் நோயை உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று பெருந்தொற்று என்று அறிவித்தது. தடுப்பூசிகள் வந்தபோது முதியோருக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. இளையோரின் முறை பின்னரே வந்தது. அமெரிக்காவில் 12 முதல் 15 வயதுடையோருக்கு 2021 மே மாதத்திலும், இந்தியாவில் 15 முதல் 18 வயதுடையோருக்கு 2022 ஜனவரி 3 அன்றும் தடுப்பூசி தொடங்கியது. அதுவரை “இந்த நோய் உங்களை ஒன்றும் செய்யாது” என்று கேட்டே பழகிய பிள்ளைகளிடம் திடீரென்று கையை நீட்டச் சொன்னால் ஏன் என்று கேட்கத்தான் செய்வார்கள். இளையோருக்கு நோய் கடுமையாவது அரிது, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆஸ்துமா, நீரிழிவு, உடல்பருமன் போன்றவை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். தடுப்பூசி கடுமையான நோயிலிருந்து நன்றாகக் காக்கும், ஆனால் தொற்றே வராமல் தடுத்துவிடும் என்று உறுதி கூற இயலாது. இவ்வளவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சூழல் மாறும்போது பரிந்துரையும் மாறும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே உடல்நலமுள்ள சிறுவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் முன்னுரிமை குறைந்த பிரிவில் வைத்தது. முன்பே சொல்லி வைத்தால் அத்தகைய மாற்றம் யாருக்கும் ஏமாற்றமாகத் தோன்றாது.

அடுத்தது பட்டியல். பள்ளியின் வருகைப் பதிவேட்டை வாங்கி வைத்துக்கொண்டு பட்டியல் தயார் என்று எண்ணிவிடக் கூடாது. படிப்பை இடையில் நிறுத்தியவர்கள், வேலைக்குப் போகும் பதின்வயதினர், பிழைப்புக்காக இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், விடுதிகளிலும் காப்பகங்களிலும் இருப்பவர்கள், வீட்டைவிட்டு வெளியே வர முடியாத மாற்றுத்திறனாளிகள், அடையாள ஆவணம் இல்லாதவர்கள் ஆகியோர் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள். ஊசி போடாதவர்கள் எல்லோரும் மறுப்பவர்கள் அல்லர் என்பதே என் உறுதியான கருத்து. நேரமும் இடமும் ஒத்துவராததால் விடுபட்டுப் போகிறவர்கள் ஏராளம். ஆகவே வார்டு உறுப்பினரும் அந்தப் பகுதியின் சுகாதாரப் பணியாளரும் சேர்ந்து தெருத் தெருவாகச் சென்று பெயர் எழுதுவதற்கு மாற்று வழி கிடையாது.

முகாமின் நேரத்தை இந்தப் பட்டியலை வைத்தே முடிவு செய்ய வேண்டும். வேலைக்குச் செல்பவர்கள் அதிகமென்றால் மாலையிலும் விடுமுறை நாளிலும் நடத்துங்கள். ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல், உடல்வலி, கைவலி வருவது வழக்கம் என்பதால் தேர்வுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ முந்தைய நாளில் முகாம் வைக்கவே வேண்டாம். இப்படி ஒரு முறை நாள் தவறினாலும் அடுத்த தவணைக்குப் பிள்ளைகளை அழைத்துவருவது கடினமாகிவிடும்.

ஒப்புதல் படிவத்தைக் குடும்பத்தினர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் அச்சிட்டு, சில நாட்களுக்கு முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். எத்தனை வயது வரை பெற்றோரின் ஒப்புதல் தேவை என்பது நாட்டுக்கு நாடு மாறுபடும். சட்டம் எதுவாக இருந்தாலும், ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவரிடமும் நேராக விருப்பம் கேட்பது அடிப்படை மரியாதை. போடாதவர்களின் பெயரை ஒட்டி வைப்பது, ஒலிபெருக்கியில் படிப்பது, மன்றத்தின் சேவைகளை நிறுத்துவதாக மிரட்டுவது போன்றவற்றுக்கு இடமே தரக் கூடாது.

முகாமுக்கு முன் இளையோருடன் ஒரு கூட்டம் நடத்துங்கள். அதில் மன்றத் தலைவர் சில நிமிடங்கள் பேசினால் போதும். கேள்விகளுக்கு மருத்துவரோ செவிலியரோ பதில் சொல்லட்டும். இதயத் தசை அழற்சி பற்றிய கேள்வி கட்டாயம் வரும். ஃபைசர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ வகைத் தடுப்பூசிகளுக்குப் பின், பெரும்பாலும் இரண்டாம் தவணைக்குப் பிறகு, இளம் ஆண்களிடம் அரிதாக அது காணப்பட்டது உண்மை. ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிகிச்சையில் பெரும்பாலோர் குணமடைந்தனர். பெண்பிள்ளைகள் மாதவிடாய் பற்றிக் கேட்கத் தயங்குவார்கள். ஆகவே அவர்களுக்கெனப் பெண் செவிலியருடன் தனி நேரம் ஒதுக்குங்கள். சிலருக்குச் சுழற்சி சற்றுத் தள்ளிப்போய்ப் பின்னர் பழைய நிலைக்குத் திரும்புவதை ஆய்வுகள் காட்டின; கருத்தரிக்கும் திறன் கெடுவதற்குச் சான்று இல்லை.

முகாம் நாளில் மன்றம் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் ஊசி போட்டபின் காத்திருக்கும் அறை. பதின்வயதினர் ஊசிக்குப் பின் மயங்கி விழுவது மற்ற வயதினரைவிட அதிகம். மருந்தின் வேதியியலைவிடப் பயம், பசி, வெப்பம், நெரிசல் ஆகியவையே பெரும்பாலும் காரணம். ஒருவர் விழுவதை வரிசையில் நிற்பவர் பார்த்தால் அவருக்கும் தலை சுற்றும். கொலம்பியாவின் எல் கார்மென் தே பொலிவார் நகரில் 2014-இல், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடப்படும் எச்.பி.வி தடுப்பூசிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான மாணவியருக்கு மயக்கமும் பிற அறிகுறிகளும் தோன்றின. ஆய்வுகள் தடுப்பூசி காரணமல்ல என்று கண்டும், அந்த நாடு முழுவதும் அத்தடுப்பூசி போட்டுக்கொள்வோர் எண்ணிக்கை பெருமளவில் சரிந்தது.

எனவே ஊசி போடும் மேசையை வரிசையின் கண்ணில் படாதபடி திரையிட்டு மறையுங்கள். சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். உட்கார்ந்த நிலையிலேயே ஊசி போட்டு, 15 நிமிடமும், கடும் ஒவ்வாமை வந்த வரலாறு உள்ளவர்களை 30 நிமிடமும் அமர வையுங்கள். நாற்காலிகளுக்கு அருகில் இரண்டு பாய்களாவது விரித்திருக்கட்டும். முகம் வெளிறி, வியர்த்து, நாடி மெதுவாகத் துடித்தால் அது பெரும்பாலும் மயக்கம். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடும். தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சில் இரைச்சல், வேகமான பலவீனமான நாடி ஆகியவை தோன்றினால் கடும் ஒவ்வாமை என்று கருதி, செவிலியர் தாமதமின்றித் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் செலுத்த வேண்டும். அந்த மருந்து காலாவதியாகாமல் மேசையில் இருப்பதையும், ஓட்டுநருடன் ஒரு வாகனம் வாசலில் நிற்பதையும் முகாம் தொடங்கும் முன் மன்ற உறுப்பினர் ஒருவர் நேரில் பார்த்து உறுதி செய்வது நல்லது.

குளிர்பதனம் சுகாதாரப் பணியாளரின் துறைதான் என்றாலும், மின்சாரத்துக்கும் மாற்று ஏற்பாட்டுக்கும் மன்றமே பொறுப்பு. முகாமில் பயன்படும் பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியசில் இருக்க வேண்டும். பல வகைகள் உறைந்துபோனாலும் கெட்டுவிடும். பலருக்குப் போடும் அளவு மருந்து கொண்ட குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள், பல கோவிட் தடுப்பூசிகளுக்கு 6 மணி நேரத்துக்குள், முடித்தாக வேண்டும். நாள் முடிவில் மிஞ்சுவது வீணாகாதிருக்க, அழைத்தால் உடனே வரக்கூடிய தகுதியானவர்களின் எண்களைக் கையில் வைத்திருங்கள்.

முகாம் முடிந்த அன்றே இரண்டாம் தவணைக்கான தேதிகளை எழுதி, யார் யாரை அழைப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பக்கவிளைவு எது வந்தாலும் அதைச் சுகாதாரத் துறைக்கு முறைப்படி தெரிவித்து, பெயர் வெளியிடாமல், நடந்ததை ஊருக்கும் சொல்லுங்கள்; மறைத்தால் வதந்தி அதைப் பலமடங்கு பெருக்கிவிடும். தேதி தவறிவிட்டதால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று அஞ்சி வராமல் இருப்பவர்களைத் தேடிச் சென்று, கோவிட் தடுப்பூசியில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்று சொல்லி அழைத்துவாருங்கள்.